வாயுவுக்குக் கண்கண்ட பிஸ்கோத்து

அக்னஸுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அவள் சுட்ட பிஸ்கோத்தை யாராவது வாயில் போட்டு மென்று, "நல்லாயிருக்கே, இன்னொண்ணு குடு" என்று கேட்க வேண்டும். வீடு வாசல் கேட்டாளா, ரெட்டை வடச் சங்கிலி கேட்டாளா? இன்னொண்ணு குடு. அவ்வளவுதான். அதைச் சொல்லக்கூட அந்தச் சந்தில் ஒரு நாதியில்லை என்றால் அவள் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

சந்து என்றால் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் கடைத்தெருவுக்குப் பின்பக்கம். ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள், முன்னால் ஒரே நீளத்துக்கு அஞ்சடி நடைபாதை. மழையில் நனையாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிடலாம். அதனால் ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கினால் மொத்தச் சந்துக்கும் தெரியும். ஆயர் ஈத்தாம் போகிற டிராம் பெரிய ரோட்டில் மணியடித்துக்கொண்டு போவது மட்டும் இல்லையென்றால், அடுத்த வீட்டுக்காரன் கொட்டாவி விடுவதும் கேட்கும்.

அக்னஸ் இந்தச் சந்துக்காரி இல்லை. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் பிறந்தவள். அப்பா ரயில் லைனில் வேலை. கல்யாணம் முடிந்து, ஒரு தகரப் பெட்டியும் ஒரு தையல் மிஷினுமாகப் படகேறித் தீவுக்கு வந்தாள். புருஷன் வேதநாயகம் தங்கமான மனுஷன், துறைமுகத்துப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. அந்த டிஸ்பென்சரியில் இருமலுக்கு ஒரு தண்ணி, காய்ச்சலுக்கு ஒரு தண்ணி, வாயுவுக்கு ஒரு தண்ணி. இதில் வாயுத் தண்ணிதான் ஊருக்கே பிடித்தது. பெப்பர்மிண்ட் எண்ணெய் கலந்திருக்கும், மூடியைத் திறந்தாலே மூக்கில் ஜிவ்வென்று ஏறும். சந்தில் அதைக் குடிக்காத வயிறே கிடையாது. பெப்பர்மிண்ட் என்ற வாசனையை அந்த ஜனங்கள் வேறு எங்கேயும் கண்டதும் கிடையாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற வினையெல்லாம் இதிலிருந்துதான்.

அக்னஸ் வெள்ளைக்காரிகளுக்குக் கவுன் தைப்பாள். ஒரு டிசம்பர் மாதம், கடற்கரை பங்களா ஒன்றுக்கு அளவெடுக்கப் போனபோது, அந்த வீட்டுத் துரைசாணி தேத்தண்ணியோடு ஒரு பிஸ்கோத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வெள்ளையாய், வட்டமாய், மேலே சர்க்கரை மினுக்க. அக்னஸ் கடித்தாள். பினாங்கு வெக்கையிலேயே வெந்த நாக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குளிர்ந்தது. ஊசி, டேப்பு எல்லாம் கையில் அப்படியே நிற்க, வெட்கத்தை விட்டு, "மேம், இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேவிட்டாள். துரைசாணிக்கு அப்படி ஒரு சந்தோஷம்! முகமெல்லாம் சிவந்து, தட்டையே தூக்கி முன்னால் வைத்து, பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்தாள். "ரொம்ப ஈஸி அக்னஸ், இதைவிட ஈஸி எதுவுமே கிடையாது" என்றாள்.

ஈஸியாம் ஈஸி! பங்களாவில் ஹைனான் சீனச் சமையல்காரன் இருக்கிறான், இரும்பு அடுப்பு இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது. சந்தில் என்ன இருக்கிறது? டின்னில் வருகிற வெண்ணெயில் உப்பு. அதைத் தண்ணீரில் போட்டு அலசி அலசி உப்பை எடுக்க வேண்டும். அலசி முடிப்பதற்குள் வெண்ணெய் உருகி எண்ணெயாய் நிற்கும். சர்க்கரை கட்டி கட்டியாய் இருக்கும், உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். மாவில் வண்டு. அதை வெயிலில் காயப்போட்டால் காக்காய். எல்லாம் பிசைந்து, பெப்பர்மிண்ட் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, தம்ளர் வாயால் வட்டமாய் வெட்டி, இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடி, மூடிமேல் கொட்டாங்கச்சிக் கங்கை அள்ளிப் போட்டு, கீழேயும் நெருப்பு மேலேயும் நெருப்பு, நடுவில் அக்னஸ். முதல் தட்டு கரி. இரண்டாவது தட்டு களி. மூன்றாவது தட்டு வந்தது பாருங்கள், வெள்ளையாய், ஓரம் மட்டும் லேசாய்ச் சிவந்து! அக்னஸ் சவேரியார் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்கு வேதக்கார வீடுகளிலிருந்து அக்கம்பக்கத்துக்குத் தட்டுப் போகும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அங்கிருந்து இங்கே வரும். தட்டைச் சும்மா திருப்பக்கூடாது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அக்னஸ் புதுசாய்ப் பின்னிய லேஸ் துணியைப் போட்டு மூடி, மூன்று தட்டு கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு ருக்குமணிக்கு ஒன்று. எதிர்வீட்டு மலாய்க்காரி சித்தி ஹாஜராவுக்கு ஒன்று. கோடி வீட்டு நல்லமுத்துத் தண்டலுக்கு ஒன்று.

தண்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வருகிற தோங்காங் படகுகளுக்குத் தலைவராய் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையே இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக இருக்கும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகு காலம். குரலோ, கடலையே அதட்டின குரல். "இனிப்பா? அது பொம்பளையும் புள்ளையும் திங்கறது. ஆம்பளைக்கு என்னத்துக்கு?" என்று தீபாவளிக்கு வந்த லட்டுத் தட்டையே திருப்பி அனுப்பின ஆள். அவருக்குத் தட்டுக் கொண்டுபோக அக்னஸுக்குக் கொஞ்சம் உதறல்தான். அன்றைக்கு என்னவோ, முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில், திருப்பலி முடிந்து வந்து பார்த்தால் வீட்டு வாசலில் மூன்று பேரும் நிற்கிறார்கள். அக்னஸ் நடையை எட்டிப் போட்டாள். இன்னொண்ணு கேட்க வந்துவிட்டார்கள்!

"அக்கா, இதை வென்னியிலயா பச்சத் தண்ணியிலயா?" என்று கேட்டாள் ருக்குமணி.

"நேத்து ராத்திரி ஒண்ணு சாப்பிட்டேன், உள்ள இருந்த ஆங்கின், வாயு எல்லாம் வெளிய போயிருச்சி லா," என்று வயிற்றைத் தடவினாள் சித்தி ஹாஜரா. "நல்ல ஒபாட், அக்னஸ். டிஸ்பென்சரி தண்ணியவிட நல்ல ஒபாட்."

"அய்யோ அக்கா, இது மருந்து இல்லை! பலகாரம்! கிறிஸ்மஸ் பலகாரம்!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என்ன அடக்கம், என்ன அடக்கம்!

தண்டல் தொண்டையைக் கனைத்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த வேதநாயகத்தைப் பார்த்து, "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார்.

வேதநாயகம் தலையைத் தூக்கவே இல்லை. "வேளைக்கு ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றார்.

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பி எந்த ஊர் என்று கேட்டால்கூட வேளைக்கு ஒண்ணு என்றுதான் சொல்லுவார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அக்னஸின் பிஸ்கோத்துக்கு முத்திரை குத்தியாயிற்று. அதைவிடக் கொடுமை, போகும்போது மூன்று பேரும் வாயைத் திறக்காமல் போனதுதான். வைத்தியர் வீட்டிலிருந்து கிளம்பும்போது நம் ஆட்கள் "வரேன்" என்று சொல்ல மாட்டார்கள் அல்லவா? சொன்னால் மறுபடி நோயோடு வருவதாக ஆகிவிடுமாம். அதனால் சத்தமில்லாமல் படியிறங்கிவிடுவார்கள். கிறிஸ்மஸ் நாளும் அதுவுமாய், வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு "வரேன்" சொல்லாமல் இறங்கிப்போனதைப் பார்த்து, புதுச்சேலை கட்டின அக்னஸ் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

அதற்கப்புறம் அவள் படாத பாடா? அடுத்த வருஷம் நட்சத்திர அச்சு வாங்கி வெட்டினாள். "இதுவும் நல்லதுதான், சாதா பிஸ்கோத்தோட கலந்துறாது பாருங்க, மருந்து தனியாத் தெரியுது," என்றாள் ருக்குமணி. அதற்கடுத்த வருஷம் வெள்ளைக்காரக் கடையில் சிவப்பு வரி போட்ட பெப்பர்மிண்ட் மிட்டாயை வாங்கி, நொறுக்கி மேலே தூவினாள். கண்ணைப் பறிக்கும் அழகு! "கொயினா மாத்திரைக்கு மேல சக்கரை பூசுவாங்களே, அந்த மாதிரி," என்று தண்டல் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். சின்னதாய் வெட்டினால் பிள்ளைகளுக்கு என்றார்கள். பெரிதாய் வெட்டினால் பெரியவர்களுக்கு என்றார்கள். சரி, சும்மா இருக்கட்டும் என்று பெரிதும் சின்னதுமாய்க் கலந்து செய்தாள். வயசுப்படி பிரித்துக் கொடுத்த அவள் அறிவைச் சந்தே மெச்சியது.

கிறிஸ்மஸ் நெருங்கி, சட்டியில் பிஸ்கோத்து வேகிற வாசனை அஞ்சடியில் பரவினால் போதும், சந்தில் வயிறுகள் ஊத ஆரம்பித்துவிடும். நல்லாயிருந்த ஜனம், காலையில் நாசி லெமாக் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு போன ஜனம், சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். ருக்குமணியின் பிள்ளைகள் பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சித்தி ஹாஜரா தன் பங்கை வெற்றிலைப் பெட்டியில் பூட்டிவைத்துச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். ஆளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம். ஒருத்தரும் இரண்டாவது கேட்க மாட்டார்கள். ஒருத்தரும் வரேன் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வருஷம் அக்னஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். பெப்பர்மிண்டுதானே பிரச்சினை? தூக்கியெறி. வெனிலா போட்டாள். தட்டுகள் போயின. மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள், துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க," என்று ஆரம்பித்தாள் ருக்குமணி. "உங்க கைராசி போயிருச்சு போல."

"யாரோ கண்ணு வச்சிட்டாங்க லா," என்றாள் சித்தி ஹாஜரா. ஓதின தண்ணீர் ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தாள்.

தண்டல் தின்று பார்த்த பாதி பிஸ்கோத்தைத் துணியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார். குரல் உடைந்தே போயிருந்தது. ருக்குமணி அக்னஸின் கைராசிக்காக மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பிஸ்கோத்துக்காக மாரியம்மனும், ஓதின தண்ணியும், சவேரியாரும் ஒரே வீட்டில்! அடுத்த வருஷம் பெப்பர்மிண்ட் திரும்ப வந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்படியே பல கிறிஸ்மஸ் போயிற்று. அக்னஸுக்குத் தலையில் நரை எட்டிப் பார்த்தது. இப்போது வெளித்தெருக்களிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பாசாரில் முன்பின் தெரியாத ஒருத்தி அவளை நிறுத்தி, வைத்தியருக்குக் காட்டுகிற மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினாள். அன்றைக்குத்தான் அக்னஸுக்குப் பொறுமை போனது.

"இந்த வருஷம் ஒருத்தருக்கும் கிடையாது," என்றாள் புருஷனிடம். "நமக்கு மட்டும் ஒரு டின். கதவைச் சாத்திட்டுத் தின்போம். நான் செத்தா என் கல்லறையில வேளைக்கு ஒண்ணுன்னு எழுதிவைக்கப் போறாங்க. அந்தக் கேவலம் எனக்கு வேண்டாம்."

"எழுத மாட்டாங்க," என்றார் வேதநாயகம்.

"நீங்க பேசாதீங்க! எல்லாம் உங்க வாயால வந்தது!"

அவர் பூட்ஸைக் கழற்றுவதில் இறங்கினார்.

கதவைச் சாத்தித்தான் சுட்டாள். வாசனைக்குக் கதவு ஏது? கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம், டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தெருப்பக்கத்து ஜன்னலின் மரப்பலகைகளை மூடி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து தையலில் இருந்தாள் அக்னஸ். சந்து வெயிலில் அடங்கிக் கிடந்தது. அப்போது ஜன்னலுக்கு வெளியே, அஞ்சடித் தூணுக்கு அருகே, யாரோ ஏப்பம் விட்டார்கள்.

"ஏவ்."

பிறகு, "ம்ஹூம். பத்தாது," என்று ஒரு முணுமுணுப்பு.

"ஏஏஏவ்... ஆங், இது பரவாயில்லை."

அக்னஸ் ஊசியை நிறுத்தினாள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள். நல்லமுத்துத் தண்டல்! தூணைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, மற்றக் கையால் மீசையை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"ஏம்மா அக்னஸ், நெஞ்ச அடைக்குதும்மா..." என்றார் தூணிடம். உடனே தலையை ஆட்டினார். "வேணாம். நெஞ்சுன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிருவா. வயிறுன்னே சொல்லுவோம். ஏம்மா அக்னஸ், வயிறும்மா... ஏஏவ்." பெருமூச்சு விட்டார். "சே, என்ன பொழப்புடா இது நல்லமுத்து. ஒண்ணத் தின்னா நாக்குல தங்கறதுக்குள்ள தீந்துபோவுது. ரெண்டு கேக்கலாம்னா, மருந்தை எவன் ரெண்டு கேப்பான்?"

அக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் வந்தது ஆத்திரம்தான். அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷம் பொய் ஏப்பமா? அப்புறம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. ருக்குமணியின் கடைக்குட்டி வயிறு வலிக்கிறது என்று தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அது. சித்தி ஹாஜராவின் பூட்டின வெற்றிலைப் பெட்டி. வாயுத் தண்ணியைப் பூட்டி வைப்பார் உண்டா? வெனிலா வருஷம் தண்டலுக்குக் குரல் உடைந்தது. ஆசைப்படாமலா அந்தப் பாதி பிஸ்கோத்தைத் துணியில் மடித்துக்கொண்டு வந்தார்? அக்னஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. தையல் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம். திறந்தாள்.

"ஏம்மா அக்னஸ், வயிறும்மா..." தண்டல் முகத்தைச் சுளித்தார். "ஏஏஏவ்."

நல்ல ஏப்பம்தான், ஒத்திகை வீண்போகவில்லை.

"அடடா, என்னய்யா இப்படி ஆயிடுச்சு," என்றாள் அக்னஸ். "இந்த வருஷம் மருந்து செய்யலையே அய்யா. ஒரு துண்டுகூட இல்லை."

தண்டலின் கை வயிற்றிலேயே நின்றுவிட்டது. கடலை அதட்டின மனுஷர், கையில் வைத்திருந்த மிட்டாயைக் காக்காய் தூக்கிப் போன பிள்ளையாட்டம் விழித்தார். "வாசனை வருதேம்மா," என்றார் மெதுவாக.

"அது வேற. எங்க வீட்டுக்குன்னு கொஞ்சம் பலகாரம் செஞ்சேன். வெறும் இனிப்பு. வாயுவுக்கு ஒண்ணும் கேக்காது." அக்னஸ் நிலையில் சாய்ந்துகொண்டாள். "உங்களுக்குத்தான் இனிப்பு ஆகாதே, இல்லாட்டித் தருவேன்."

தண்டல் அஞ்சடியின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். ருக்குமணி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டுத் திரை அசையவில்லை. மீசையை ஒரு தடவை தடவினார். கை மெல்ல வயிற்றை விட்டு இறங்கியது.

"ஆகாதுன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"அது... அந்தக் காலத்துல என்னமோ சொல்லியிருப்பேன். விடு."

அக்னஸ் உள்ளே போய் டின்னை இழுத்து, லேஸ் துணி போட்ட தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தாள். தண்டல் ஒன்றை எடுத்தார். அவசரப்படவில்லை. ஓரத்தைக் கொஞ்சம் கடித்து, கண்ணை மூடி, நாக்கில் அது குளிர்ந்து இறங்கும்வரை நின்றார். விரலில் ஒட்டின சர்க்கரையையும் நக்கினார். அக்னஸ் மூச்சே விடவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். சொல்லுங்கய்யா, சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

தண்டல் கண்ணைத் திறந்தார். தட்டைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கேம்மா," என்றார். தொண்டையைக் கனைத்தார். தோங்காங்கில் ஆட்களுக்குக் கேட்டது மாதிரியே சந்து முழுக்கக் கேட்டது: "இன்னொண்ணு குடு!"

எதிர்வீட்டுத் திரை அசைந்தது. ருக்குமணி வீட்டுக் கதவு ஒரு விரல் திறந்தது. தண்டல் அதையெல்லாம் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவதை நின்ற இடத்திலேயே தின்றார். மூன்றாவதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு, பழக்கப்படி வாயைத் திறக்காமல் படியிறங்கினார். தூண்வரை போனவர் நின்றார். திரும்பினார்.

"வரேம்மா," என்றார்.

அக்னஸ் வாசற்படிக்கே வந்துவிட்டாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாங்கய்யா, நாளைக்கே வாங்க," என்றாள்.